உட்கார முடியாத தம்பி

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். ரிஸ்பெரிடோன் மாத்திரை 2 மில்லிகிராமில் அவன் காதில் கேட்கும் குரல்கள் அடங்கவில்லை என்று மூன்று வாரத்துக்கு முன் 4 ஆக்கினார்கள். குரல்கள் குறைந்துவிட்டன. ஆனால் ஓரிடத்தில் உட்காருவதில்லை. நோய் முற்றிவிட்டது, மாத்திரையை நிறுத்து என்கிறார் அம்மா. மூளையில் சேதி கடத்தும் டோபமின் என்ற ரசாயனம் கூடியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கலாமா? உணவால் குறைக்கலாமா?

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

ரத்தத்தில் தெரியாது. உணவாலும் குறையாது. அதை விடுங்கள். போகிற போக்கில் ‘உட்காருவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதமே அதுதான். இதைப் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

சாப்பிடும்போது பாதியில் எழுந்துவிடுகிறானா? நிற்கும்போது கால் மாற்றி மாற்றி நிற்கிறானா? நடந்தால் கொஞ்சம் ஆறுதல் என்கிறானா? அப்படியானால் பெரும்பாலும் இது நோயல்ல, மாத்திரையின் வேலை. அகதீசியா என்பார்கள். டோஸ் ஏறிய சில நாள்களில், வாரங்களில் வரும். ரிஸ்பெரிடோன் டோபமினைக் குறைப்பதில்லை. மூளையில் டோபமின் போய்ச் சேரும் இடங்களை, டி2 ஏற்பிகளை, அடைத்துக்கொள்கிறது. ஏறக்குறைய 65 சதவீதம் அடைபட்டால் குரல்கள் அடங்கத் தொடங்கும். 80ஐ நெருங்கினால் உடலசைவும் கெடும். இடைவெளி அவ்வளவு சின்னது.

இதை நோயின் கொந்தளிப்பு என்று எண்ணி டோஸை ஏற்றினால் இன்னும் மோசமாகும். அதனால் டாக்டரிடம் ‘படபடப்பா இருக்கான்’ என்று சொல்லாதீர்கள்! ‘டோஸ் ஏத்தின பிறகு உட்கார முடியல’ என்று சொல்லுங்கள். டோஸ் ஏறிய தேதி, நடை தொடங்கிய தேதி, எத்தனை நிமிடம் உட்காருகிறான், மூன்றையும் தாளில் எழுதி மாத்திரை அட்டையோடு கொடுங்கள். அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள். இந்த அவஸ்தை தாங்காமல் உயிரை விடத் துணிந்தவர்கள் உண்டு. செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவன் சொன்னால் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள், பிள்ளை தவிப்பதைப் பார்க்கிறவர் அவர். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் கால் அடங்கும், குரல் உடனே வராது. ‘பார், நல்லாயிட்டான்’ என்று வீடே நம்பும். வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் திரும்பும்போது யாருக்கும் காரணம் புரியாது.

டாக்டர் டோஸைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், ரத்த அழுத்தத்துக்கும் தரும் புரோப்ரனலால் என்ற மருந்தைச் சேர்க்கலாம். நடுக்கத்துக்குத் தரும் பென்ஸ்ஹெக்ஸால் இதற்கு அவ்வளவாக உதவாது. தம்பிக்கு ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். புரோப்ரனலால் அவனுக்கு ஆகாது.