செபுவில் ஆர்னிஸ் கற்க வரும் தம்பிக்கு: விரலைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

தம்பி, மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்ஸின் செபு நகருக்கு வருகிறீர்கள், ஊரில் நாலு வருடம் சிலம்பம் கற்றிருக்கிறீர்கள். ஆர்னிஸ் என்ற பிலிப்பைன்ஸ் கம்புச் சண்டைக் கலையைக் கற்க என்னென்ன வாங்கி வர வேண்டும், மூன்று மாதத்தில் சான்றிதழ் கிடைக்குமா, வாடகை, சாப்பாடு, விசா எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கும் விசாவுக்கும் உங்கள் கல்லூரி சீனியர்களே போதும். அரிசி எல்லாக் கடையிலும் உண்டு, உளுந்துதான் தேட வேண்டும். நான் வந்திறங்கியபோது அடைமழை, இந்த ஊர் பேசும் பிசாயா மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, எது நல்ல கம்பு என்று சொல்லவும் ஆளில்லை. அதனால் கம்பையும் பயிற்சியையும் பற்றி மட்டும் நீளமாகச் சொல்கிறேன்.

ஊரிலிருந்து கம்பு வாங்கி வராதீர்கள். இணையத்தில் ஜோடியாக விற்கும் பளபளப்பான கம்புகளில் பல, கடைசல் பிடித்த கட்டைகள். இரண்டு பேர் மோதிப் பழக அவை ஆகவே ஆகாது. பழக வேண்டியது பிரம்பில். இங்கே அதை உவாய் என்பார்கள், அடிக்கும் கம்பு ஒலிசி. மூங்கில் உள்ளே பொள்ளல், அடி விழுந்தால் நீளவாக்கில் பிளந்து கத்திபோல் சிலாம்பு நிற்கும். பிரம்பு உள்வரை நார், அடி வாங்க வாங்க நசுங்கிப் பஞ்சாகும், திடீரென்று உடைந்து பறக்காது. அடியின் அதிர்ச்சியில் ஒரு பங்கை அதுவே விழுங்கிக்கொள்வதால் மணிக்கட்டும் பிழைக்கும்.

பொதுவான நீளம் 28 அங்குலம், அதாவது சுமார் 71 செ.மீ. பருமன் முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை. மெல்லியது வேகமாகச் சுழலும், ஆனால் சீக்கிரம் நைந்துவிடும். தடித்தது நாள்படும், புதியவர் முழங்கையை வாங்கிவிடும். வாங்கும்போது தரையில் உருட்டுங்கள், தத்தினால் வளைந்திருக்கிறது. மேல்தோல் சீவப்படாததா என்று பாருங்கள், தோல் இருந்தால் ஆயுள் அதிகம். குண்டூசித் துளைகளும் அதிலிருந்து மாவு உதிர்வதும் தெரிந்தால் வண்டு குடைந்தது, வேண்டாம். ஜோடி எடுத்தால் இரண்டையும் இரு கையில் தூக்கி எடை பாருங்கள். எடை மாறினால் இரட்டைக் கம்புப் பயிற்சியில் ஒரு கை எப்போதும் பிந்தும்.

வீட்டில் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளையும். படுக்கவைத்தோ தொங்கவிட்டோ வையுங்கள். அடிபடும் முனைப் பகுதி நைய ஆரம்பித்ததும் துணி டேப் சுற்றுங்கள், பிடியையும் முனையையும் மாற்றிப் பிடியுங்கள். நார் துடைப்பமாக விரிந்துவிட்டால் தூக்கி எறியுங்கள். அந்த நிலையில் தெறிக்கும் சின்ன நார் நேரே கண்ணுக்குத்தான் போகும்.

கமாகோங் என்ற கறுப்பு மரக் கம்பையும், பாஹி என்ற பனைவகை மரத்துக் கம்பையும் கடையில் காட்டுவார்கள். அழகு, கனம், புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். தனியாகக் காற்றில் வீசி மணிக்கட்டைப் பலப்படுத்த ஒன்று வைத்துக்கொள்ளலாம். எதிராளியோடு மோதினால் கமாகோங் சில்லுச் சில்லாகப் பெயரும், பட்டால் எலும்புதான். அந்த மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டவும் கூடாது. நம் ஆட்கள் ஊருக்குப் பரிசாக அதைத்தான் தேடி வாங்குகிறார்கள், எனக்கு அது பிடிப்பதே இல்லை.

அடுத்தது விரல். நீங்கள் நாளை ஊசி போட வேண்டிய கை, தையல் போட வேண்டிய கை. இந்தக் கலையில் முதலில் அடிவாங்குவது கம்பு பிடித்த கையின் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் கணுவும்தான். தூரத்திலிருந்து ஆடும்போது தலையை எட்ட முடியாது, எட்டுவது கை மட்டும், எனவே கையைத்தான் குறிவைப்பார்கள். கட்டைவிரலைக் கம்பின் மேல் நீட்டி வைத்துப் பிடிப்பது சிலருக்கு வழக்கம். அப்படிப் பிடித்தால் மோதலில் விரல் பின்னால் மடங்கும். விரல்கள் எல்லாவற்றையும் சுற்றி மூடிப் பிடியுங்கள். அடியில் இரண்டு மூன்று விரல் அகலம் கம்பு வெளியே இருக்கட்டும், அதுதான் புன்யோ. நெருக்கத்தில் இடிப்பதற்கும் கொக்கி போடுவதற்கும் அது வேண்டும். எப்போதும் இறுக்கிப் பிடிக்காமல் அடி படும் கணத்தில் மட்டும் இறுக்க வேண்டும்.

கையுறையில், மெல்லிய எம்எம்ஏ உறையும் பைக் உறையும் பயன்படாது. ஐஸ் ஹாக்கி, லக்ராஸ் உறைகளில் விரல் முதுகுக்குத் திண்டு உண்டு, கட்டைவிரல் நுனி மூடியிருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள். ஆனால் உறை போட்டதும் பிடி தடிக்கும், கம்பு நழுவும், கவனமும் குறையும். அதனால் மெதுவான பயிற்சியை வெறுங்கையில் செய்யுங்கள், வேகம் கூட்டும்போது உறை.

கண்ணுக்கு முதல் நாளிலிருந்தே பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், விலை குறைவு, யாரும் அணிவதில்லை. நீங்கள் அணியுங்கள். முகமூடி என்றால் வாள்சண்டை முகமூடியை வாங்கிவிடுகிறார்கள். அதன் வலை, குத்தும் முனையைத் தடுக்கச் செய்தது. பிடரியும் காதுப் பக்கமும் திறந்தே கிடக்கும், பக்கவாட்டில் விழும் அடியின் அதிர்ச்சியும் மூளைக்குப் போகும். பின்பக்கத் திண்டு வைத்துத் தைக்காமல் அதோடு முழுவேகத்தில் ஆடாதீர்கள்.

சிலம்பம் தெரிந்தவர் என்பதால் இன்னொன்று. உங்கள் காலடி இங்கே பெரிய சொத்து, அதை விட்டுவிடாதீர்கள். மாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று வீச்சு. நெடுங்கம்பில் பெரிய வட்டம் போட்டால் நீளமே உங்களைக் காக்கும். 28 அங்குலக் கம்பில் முனை தோளுக்குப் பின்னால் போன நொடியில் முகம் திறந்துவிடும். இரண்டாவது இடது கை. இரு கையும் ஒரே கம்பில் இருந்த பழக்கத்தால், ஒரு கைக்கு வேலை இல்லாதபோது அது இடுப்பில் தொங்கும். ஆர்னிஸில் அந்தக் கை நெஞ்சுக்கு முன்னால் நிற்க வேண்டும். எதிராளியின் கையை அமுக்குவதும் கம்பைப் பிடித்துப் பறிப்பதும் அதன் வேலை.

பாடம் பெரும்பாலும் பன்னிரண்டு அடிகளில் தொடங்கும். மாடர்ன் ஆர்னிஸ் என்ற பிரிவின் வரிசையில் தலையின் இடம் வலம், உடலின் இடம் வலம், வயிற்றில் குத்து, நெஞ்சில் இரு குத்து, இரு கால்கள், இரு கண்கள், கடைசியாக உச்சந்தலை. பள்ளிக்குப் பள்ளி எண்கள் மாறும், மனனம் செய்த எண்ணைப் பிடித்துக்கொண்டு புதிய ஆசிரியரிடம் வாதாட வேண்டாம். பிறகு சினவாலி, அதாவது இருவர் ஆளுக்கு இரண்டு கம்போடு தாளமாக மோதும் பயிற்சி. இதில் பத்துக்கு எட்டுப் பேர் செய்யும் பிழை, எதிராளியின் கம்பை நோக்கி அடிப்பது. தாளம் அழகாகக் கேட்கும், கூட்டம் கைதட்டும், அடி மட்டும் யாரையும் எட்டாது. எதிராளி தடுக்காவிட்டால் உங்கள் கம்பு அவர் நெற்றியருகே வந்து நிற்க வேண்டும், அதுதான் சரியான தூரம். சத்தத்தை வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள்.

செபுவுக்கே உரியது பாலின்தவாக் என்ற ஆர்னிஸ் வகை. ஒற்றைக் கம்பு, மிக நெருக்கம். வெனான்சியோ பேக்கன் 1952-இல் தொடங்கியது, ஒரு கைக்கடிகாரக் கடையின் பின்புறம்தான் பயிற்சி இடம். அதற்கு முன்பே 1932-இல் டோசே பாரெஸ் என்ற ஆர்னிஸ் சங்கம் இதே ஊரில் உருவாகிவிட்டது, இரண்டுக்கும் நெடுநாள் போட்டி உண்டு. பாலின்தவாக்கில் அகாக் என்ற முறை இருக்கிறது. ஆசிரியர் அடிப்பார், நீங்கள் தடுத்து, இடது கையால் அவர் கம்பை அமுக்கி, திருப்பி அடிப்பீர்கள். அதை அவர் தடுத்து அடுத்ததைக் கொடுப்பார், இடைவெளியே இராது. முதலில் வரிசையாக, பிறகு வரிசை கலைத்து. பேக்கனின் மாணவர்களான ஹோசே வில்யாசினும் தியோஃபிலோ வேலேஸும் இதைத் தொகுதி தொகுதியாக ஒழுங்குபடுத்தியதால்தான் வெளியாரும் கற்க முடிகிறது.

இதில் எல்லாமே அடி கொடுப்பவர் கையில்தான் இருக்கிறது. நல்லவர் உங்கள் அளவுக்கு ஒரு படி மேலே மட்டும் வேகம் வைப்பார். நீங்கள் அடுத்த அடியை ஊகித்து முந்திக் கை தூக்குவதைப் பார்த்ததும் தாளத்தை உடைத்து வேறு பக்கம் கொடுப்பார். மோசமானவர் தன் வேகத்தைக் காட்டுவார், மாணவர் விரல் வீங்கி வீட்டுக்குப் போவார். ஆகவே பள்ளி தேடும்போது பட்டங்களைப் பார்க்காமல் ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து, ஆசிரியர் புதிய மாணவருக்கு எப்படி அடி கொடுக்கிறார் என்று பாருங்கள். "ஹினாய்-ஹினாய்", மெதுவாக மெதுவாக, என்று அடிக்கடி சொல்பவரிடம் சேருங்கள்.

தனியாகப் பழக டயர். வல்கனைசிங் கடைக்காரரிடம், அதாவது பஞ்சர் ஒட்டுபவரிடம், கேட்டால் பழைய மோட்டார்சைக்கிள் டயர் தருவார். கார் டயர் என்றால் உள்கம்பி வெளியே நீட்டியிருக்கிறதா என்று பாருங்கள், நீட்டினால் கையையும் கம்பையும் கிழிக்கும். அடியில் துளை போடுங்கள், மழைநீர் தேங்கினால் டெங்கு கொசு வளரும், இந்த ஊரில் அது விளையாட்டல்ல. மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்று, முதல் சில வாரம் பாதி பலத்தில். அடித்த கம்பை டயரில் முட்டுக்கட்டையாக நிறுத்தாமல் ஊடுருவிப் போகிற மாதிரி அடியுங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் அன்றே நிறுத்துங்கள், வலியோடு தொடர்ந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

மோதல் பயிற்சிக்கு நுரை சுற்றிய கம்பு நல்லது. அரை அங்குல பிவிசி குழாய் மேல் குழாய் நுரையைச் சுற்றி நீங்களே செய்யலாம். முனையில் ரப்பர் மூடி போட்டு அதன் மேல் நுரையை மடித்து ஒட்டாவிட்டால், சில நாளில் குழாய் நுரையைத் துளைத்து வெளியே வந்துவிடும். எடை குறைவு என்பதால் நிஜக் கம்பில் முடியாத வேகம் இதில் வரும், அடி வலிக்காததால் தடுப்பதையே மறந்து இருவரும் மாறி மாறி அடித்துக்கொண்டிருப்பார்கள். கையில் பட்டால் கம்பைக் கீழே போட வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கேள்விக்கு வருகிறேன். மூன்று மாதத்தில் காகிதம் தரும் ஆட்களும் உண்டு, அதை ஊரில் சட்டமிட்டு மாட்டிப் பள்ளி திறக்கும் நம் ஆட்களும் உண்டு. அவர்களிடம் கற்கும் பிள்ளைகளுக்குச் சினவாலி தாளம் தெரியும், தூரம் தெரியாது. இங்கேயே வருடக்கணக்கில் இருந்தும் தமிழ்க் குழுவைத் தாண்டி ஒரு செபுவானோ வீட்டுக்குள் கால் வைக்காதவர்களும் இருக்கிறார்கள், இந்தக் கலை அவர்களுக்குக் கிடைக்காது. முன்பெல்லாம் பாடம் நடந்தது கொல்லைப்புறத்தில், கோழிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே. முதியவரை நோங் என்று அழைத்து, அவர் சொன்ன வேலையைச் செய்து, பாடம் முடிந்து அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுத்தான் கிளம்ப முடியும். பிசாயா எனக்கு அப்படித்தான் வந்தது. 2009-இல் சட்டம் 9850 ஆர்னிஸை நாட்டின் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்த பிறகு போட்டியும் சீருடையும் பெருகியிருக்கின்றன, நல்லதுதான். கொல்லைப்புறங்களும் இன்னும் இருக்கின்றன, கேட்டால் காட்டுவார்கள்.

ஒரு எச்சரிக்கை பாக்கி. 1978-இன் பத்தாஸ் பம்பான்ஸா 6 என்ற சட்டப்படி தொழில் அல்லது சட்டபூர்வமான காரியம் தவிர, வீட்டுக்கு வெளியே கூர்மையான, மொட்டையான ஆயுதம் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. பாலிசோங் என்ற மடக்குக் கத்தியும் அதில் அடங்கும். சுற்றுலாக் கடையில் ஒன்று வாங்கிப் பையில் போட்டுத் திரியாதீர்கள். பயிற்சிக் கம்புகளை மூடிய பையில் வைத்து, பள்ளிக்கும் வீட்டுக்கும் நேராகப் போங்கள், இடையில் மாலுக்குள் நுழையாதீர்கள். விமானத்தில் கம்பைக் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியோடு செக்-இன் செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் ஊரிலிருந்தே வாங்கி வரலாம்.