சோதனைத் தானியக்கத்தில் கீவேர்டுகள் ஏன் நேரடி நிரலைவிட மெதுவாக ஓடுகின்றன?

மென்பொருளைத் தானாகச் சோதிக்க உதவும் ரோபோட் ஃபிரேம்வொர்க் போன்ற கருவிகளில் கீவேர்டு என்பது ஒரு செயலுக்கு இடப்பட்ட, எவரும் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பெயர். அதன் பின்னால் வேலை செய்வது பெரும்பாலும் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்தான்.

அந்த நிரலை நேரடியாக அழைத்தால் வேலை உடனே தொடங்கிவிடும். கீவேர்டு வழியாக அழைக்கும்போதோ, கருவி அப்பெயருக்குரிய நிரலைத் தேடி, மாறிகளுக்கு மதிப்புகளை இட்டு, தொடங்கிய நேரம், எடுத்துக்கொண்ட நேரம், வெற்றியா தோல்வியா என்பன அனைத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டியிருக்கிறது. சோதனை தோற்கும் நாளில் நமக்குக் கைகொடுப்பது அந்தப் பதிவேடுதான் என்பதால், இதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

திருப்பூரில் ஒரே கூடத்துக்குள் பனியன் கட்டு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குச் சும்மா கைமாறும். அதையே வெளியே ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செய்துதரும் வேறு கூடத்துக்கு, அனுப்பினால் சலான் எழுதி, எண்ணிக்கை சரிபார்த்து, கையெழுத்து வாங்க வேண்டும். கட்டுக்கு ஒரு சலான் என்றால் சுமை தெரியாது. பனியனுக்கு ஒரு சலான் என்றால் அன்றைய பொழுது எழுதுவதிலேயே போய்விடும். 10,000 முறை சுழலும் கணக்கைக் கீவேர்டுகளால் எழுதுவது இந்த இரண்டாவது வகை. அந்தச் சுழற்சி முழுவதையும் ஒரு பைத்தான் செயற்கூறுக்குள் வைத்து, ஒரே கீவேர்டாக அழைப்பது நல்லது.

கீவேர்டுகளை நீக்கினாலே எல்லாச் சோதனைகளும் வேகமாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இணைய உலாவியைத் திறந்து நடத்தும் சோதனைகளில் பெரும்பகுதி நேரம் பக்கம் திறப்பதற்காகக் காத்திருப்பதில்தான் கழிகிறது, அது எந்த வழியில் எழுதினாலும் குறையாது.