பெட்டியில் ஒரு விலை, கடையில் ஒரு விலை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்ற ஆண்டு ரொறன்ரோவில் இருக்கும் மகனின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பேத்தியின் பிறந்தநாளுக்கு மரத்தாலான புகைவண்டித் தொகுதி ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதைச் செய்யும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ‘பரிந்துரைக்கப்பட்ட சில்லறை விலை 24.99 டொலர்’ என்று இருந்தது. விளையாட்டுப் பொருட்களை மட்டுமே விற்கும் ஒரு சிறிய கடையில் அதே பெட்டிக்கு 37.99 டொலர் கேட்டார்கள். பணம் கட்டும்போது அதுவும் 43 டொலர் அளவுக்கு ஏறிவிட்டது. “இங்கே அப்படித்தான், அம்மா” என்று மகன் பேச்சை முடித்துக்கொண்டான். செய்தவரே ஒரு விலையைச் சொல்லியிருக்கும்போது விற்பவர் அதற்கு மேல் கேட்பது அநியாயம் அல்லவா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: தீர்ப்புச் சொல்வதற்கு முன் அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். தாங்கள் பார்த்தது அந்த நிறுவனத்தின் அமெரிக்கப் பக்கமாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அங்கே டொலர் என்றால் அமெரிக்க டொலர். அண்மைய ஆண்டுகளில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 1.35 முதல் 1.40 வரையான கனேடிய டொலர் கொடுக்க வேண்டியிருந்தமையால், அந்த 24.99 எல்லையைக் கடந்தவுடனேயே 34 அல்லது 35 ஆகிவிடுகிறது. பணம் கட்டும் இடத்தில் ஏறிய ஐந்து டொலரோ ஒன்ராறியோ மாகாணத்தின் 13% விற்பனை வரி; அங்கே வரியை விலைச்சீட்டில் சேர்த்து எழுதும் வழக்கம் இல்லை என்பதால், நம்மவர்கள் முதல் தடவை கடைக்குப் போகும்போது திடுக்கிடுவது வழமை. ஆக, கடைக்காரர் தம் பங்குக்குக் கூட்டியது மூன்று, நான்கு டொலர். இனி அதைப் பற்றிப் பேசலாம்.

‘பரிந்துரை’ என்ற சொல் அங்கே மரியாதைக்காக வைக்கப்பட்டதன்று. ஒரு பொருளை மொத்தமாக விற்றுக் காசை வாங்கிக்கொண்ட பின்னர், அதை வாங்கியவர் இன்ன விலைக்குக் குறையாமல்தான் விற்க வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை செய்தவருக்கு உண்டா என்ற வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 1911 இல் நீதிமன்றம் இல்லை என்றது. பிரித்தானியா 1964 இல் இயற்றிய சட்டத்தின் மூலம் அவ்வாறான கட்டளைகளைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. அமெரிக்க நீதிமன்றம் 2007 இல் தன் நிலைப்பாட்டைச் சற்றுத் தளர்த்திய போதிலும், பொதுவான நடைமுறை பெரிதாக மாறவில்லை. கட்டளையிட முடியாதவர் யோசனை சொல்கிறார். யோசனைக்கு மேலேயும் விற்கலாம், கீழேயும் விற்கலாம். பெருங்கடை ஒன்று அந்த 24.99 டொலர்ப் பெட்டியை 19 டொலருக்கு விற்றிருந்தால், செய்தவரின் சொல்லை மீறிவிட்டார்கள் என்று தாங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

சிறிய கடை ஏன் மேலே போகிறது என்பதற்கு முதற் காரணம் கொள்விலை. பல நூறு கிளைகள் உள்ள ஒரு பெருங்கடை, சீனாவின் குவாங்டொங் மாகாணத்துத் தொழிற்சாலைகளிலிருந்து கொள்கலன் கொள்கலனாக நேரடியாக இறக்குகிறது. பொருள் விற்பனைக்கு வரும் முன்பே விலை பேசி முடிந்துவிடும். விற்காதவற்றின் நட்டத்தில் ஒரு பகுதியைக்கூட சில வேளைகளில் செய்தவர் தலையிலேயே கட்டிவிடும். சிறிய கடைக்காரர் அதே பெட்டியை ஒரு விநியோகத்தரிடமிருந்து ஆறும் எட்டுமாக வாங்குகிறார். இடையில் ஒருவர் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார், ஏற்றுகூலி தனியாக வருகிறது, குறைந்தபட்சக் கொள்வனவுத் தொகை என்று ஒன்றும் இருக்கிறது. இதனால், பெருங்கடை நத்தார் காலத்தில் வாடிக்கையாளரை உள்ளே இழுப்பதற்காகப் போடும் சலுகை விலை, சிறிய கடைக்காரரின் கொள்விலைக்கும் கீழே கிடப்பது அபூர்வமன்று. பெரியவருக்கு ஒரு விலை, சிறியவருக்கு ஒரு விலை என்று பாரபட்சம் காட்டுவதைத் தடுக்க அமெரிக்கா 1936 இலேயே சட்டம் கொண்டுவந்தது. கடந்த பல பத்தாண்டுகளில் அது பெரும்பாலும் புத்தகத்திலேயே உறங்கியது.

இரண்டாவது காரணத்தை வெளியார் எளிதில் காண்பதில்லை. திரைப்படப் பாத்திரங்களின் உருவப் பொம்மைகளைக் கடைக்காரர் தனித்தனியாகத் தெரிந்தெடுத்து வாங்க முடியாது. கலந்து அடைத்த அட்டைப்பெட்டியாகவே பெரும்பாலும் வரும். கணக்குக்காக, எட்டுப் பொம்மைகள் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் கொள்விலை 12 டொலர், பரிந்துரை விலை 20 டொலர். பிள்ளைகள் கேட்கும் கதாநாயகனின் உருவம் அதில் மூன்றுதான் இருக்கும். மீதி ஐந்தும் யாரும் பெயர் அறியாத துணைப் பாத்திரங்கள். மூன்றும் முதல் நாளே 20 டொலருக்குப் போனால் கைக்கு வருவது 60 டொலர். ஐந்தும் ஆறு மாதம் தூசு பிடித்துக் கிடந்து, கடைசியில் எட்டு டொலர் வீதம் கழிந்தால் 40 டொலர். பெட்டிக்குக் கொடுத்தது 96, திரும்பி வந்தது 100; கடை வாடகையையும் வேலையாளின் சம்பளத்தையும் அந்த நான்கு டொலரிலிருந்து கொடுக்க முடியாது. எனவே கதாநாயகனுக்கு 28 டொலர் போடுகிறார், பெட்டி 124 டொலரில் தப்புகிறது. ஸ்டான்லி வீதியில் மாமா வைத்திருந்த கடையில் நான் பள்ளி விடுமுறைகளில் கணக்கு எழுதிய காலத்தில், ஓடுகிற சரக்குத் தேங்குகிற சரக்கைச் சுமக்க வேண்டும் என்று அவர் சொல்வதுண்டு. அவர் விற்றது கொப்பிகளும் பேனாக்களும்தான் என்றாலும் கணக்கு இதே கணக்கு.

மூன்றாவது, தட்டுப்பாடு. 1996 ஆம் ஆண்டு நத்தாருக்கு அமெரிக்காவில் ‘டிக்கிள் மீ எல்மோ’ என்ற சிரிக்கும் பொம்மைக்குப் பெற்றோர் அடிபட்டபோது, ஏறத்தாழ 30 டொலர் பெறுமதியான அது பத்திரிகை விளம்பரங்கள் மூலம் நூற்றுக்கணக்கான டொலருக்குக் கைமாறியது. உற்பத்தி நிறுத்தப்பட்ட லெகோ தொகுதிகளுக்கும் அதே கதைதான். செய்தவர் செய்வதை நிறுத்திய நாளோடு அவருடைய பரிந்துரையும் காலாவதியாகிவிடுகிறது. அதன் பிறகு அது பொம்மைக் கடை விலையன்று, பழம்பொருள் விலை. இதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை. 2006 ஓகஸ்டில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை போரினால் மூடப்பட்ட பின்னர், பெட்டியில் அச்சிட்ட விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே மேலதிகமாகக் கொடுத்துப் பிஸ்கட்டும் சவர்க்காரமும் வாங்கிய தலைமுறை இன்னும் இங்கேதான் இருக்கிறது. அதற்கும் முந்திய 90களில் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தமையால், பற்றரியில் ஓடும் விளையாட்டுக் காருக்கு எந்த விலை போட்டிருந்தாலும் ஒன்றுதான். நுங்குக் கோம்பையில் வண்டி கட்டி ஓட்டினோம். அதற்கு யாரும் விலை பரிந்துரைக்கவில்லை.

என் அபிப்பிராயம் இது. அந்தக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டி, நான்கு வயதுக்கு இது பொருந்தும், தண்டவாளத் துண்டு ஒன்று குறைந்தால் கொண்டுவாருங்கள் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தால், அந்த மூன்று நான்கு டொலர் நியாயமான கூலி. எதுவும் தெரியாத ஒரு பையன் பெட்டியை நீட்டிக் காசை வாங்கியிருந்தால், பெருங்கடைக்கே போயிருக்கலாம். கூட்டி விற்பவர்கள் கொழுத்துவிடுகிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். 1984 இல் ரொறன்ரோவில் தொடங்கி, பல கிளைகளோடு வளர்ந்த மாஸ்டர்மைண்ட் ரொய்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம், 2023 நவம்பரில் கடன் கொடுத்தோரிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் செல்ல நேர்ந்தது.

கேள்வி: யாழ். நகரக் கடையொன்றில் இந்தியாவில் செய்யப்பட்ட கட்டடக்கட்டைப் பெட்டி ஒன்று வாங்கினேன். பெட்டியில் ‘உச்ச சில்லறை விலை 499 ரூபாய்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. கடைக்காரர் 2,600 ரூபாய் எடுத்தார். இதுவும் பரிந்துரைதானா?
— சாவகச்சேரி வாசகர்

பதில்: இல்லை. இந்தியாவில் அது பரிந்துரை அன்று, சட்டம் வைத்த உச்சவரம்பு. பொதி செய்யப்பட்ட பொருட்களில் எல்லா வரிகளும் அடங்கிய உச்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்பதும், அதற்கு மேல் விற்கக்கூடாது என்பதும் 2009 ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011 இல் வந்த விதிகளின் ஏற்பாடு. ஆனால் அந்த வரம்பு இந்திய ரூபாயில், இந்திய வரிகளோடு, இந்தியச் சந்தைக்கு இடப்பட்டது. பாக்கு நீரிணையைத் தாண்டியதும் அது வெறும் மை.

499 இந்திய ரூபாய் அண்மைய மாற்று வீதங்களில் நமது பணத்தில் ஏறத்தாழ 1,700 ரூபாய். அதன்மேல் சுங்கத் தீர்வை, செஸ் எனப்படும் மேலதிக இறக்குமதி வரி, துறைமுக மற்றும் விமான நிலைய அறவீடு, 2.5% சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, 2024 சனவரி முதல் 18% ஆக உயர்ந்த பெறுமதி சேர் வரி, பிறகு புறக்கோட்டை மொத்த வியாபாரியின் இலாபம், அங்கிருந்து 400 கிலோமீற்றர் லொறிக் கூலி, கடைசியாக உங்கள் கடைக்காரர். இத்தனைக்கும் பிறகு 2,600 என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. இறக்குமதியாளர் இந்தியாவில் சில்லறை விலைக்கு வாங்குவதில்லை, மொத்த விலைக்கே வாங்குகிறார் என்பதையும் மறக்கக்கூடாது. ஆகையால் குறைத்திருக்க இடம் இருந்தது என்பதும் உண்மையே.

நீங்கள் தேட வேண்டியது வேறொரு சீட்டு. முறையாக இறக்குமதியான பொருளில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இலங்கை ரூபாயில் உச்ச சில்லறை விலையும் ஒட்டப்பட்டிருக்கும். அந்த விலைக்கு ஒரு ரூபாய் மேலே கேட்டாலும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் அது குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கி வைத்திருங்கள், அது இல்லாமல் முறைப்பாடு நிற்பது கடினம். சீட்டே ஒட்டப்படாத பெட்டி என்றால், அது பெரும்பாலும் பலாலிக்கோ காங்கேசன்துறைக்கோ பயணப் பையில் வந்திருக்கும். விலை சற்று மலிவாக இருக்கலாம். ஆனால் பழுதென்றால் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

கேள்வி: நான் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் தொலைபேசியை நீட்டி “இதில் இவ்வளவுதானே, நீங்கள் ஏன் கூடச் சொல்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— வணிகர், சுன்னாகம்

பதில்: கொள்விலைச் சிட்டையை எடுத்துக் காட்டிச் சண்டை பிடிக்க வேண்டாம், அது உங்கள் வியாபார இரகசியம். தொலைபேசியில் தெரியும் விலையில் அனுப்பும் கூலி அடங்கியிருக்கிறதா, பொருள் இன்று கையில் கிடைக்குமா, பெட்டிக்குள் உடைந்திருந்தால் யாரிடம் போவது என்று அமைதியாகக் கேளுங்கள். அதன் பிறகும் தொலைபேசி விலையே மலிவென்றால், அந்தச் சாமானை நீங்கள் வைத்திருப்பது வீண் முதல். இணையத்தில் எல்லாருக்கும் கிடைப்பதோடு போட்டி போடாமல், தொட்டுப் பார்க்காமல் வாங்கத் தயங்கும் பொருட்களை, அதாவது கைக்குழந்தைகளின் கிலுக்கிகள், மரச் சாமான்கள், பலர் கூடி விளையாடும் பலகை விளையாட்டுகள் போன்றவற்றைக் கூடுதலாக வையுங்கள். விலைப்பட்டியலை எல்லாருக்கும் தெரியும்படி மாட்டுங்கள். அது சட்டக் கடமையும்கூட. ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் கூட்டுகிறார்கள் என்ற குறை நம் ஊர்க் கடைகள் பற்றி நிறையவே வருகிறது. அதற்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை.

கேள்வி: நல்லூர்த் திருவிழாக் கடைகளில் அதே பொம்மைக்கு இரட்டிப்பு விலை ஏன்?
— மாணவி, கோண்டாவில்

பதில்: இருபத்தைந்து நாளுக்காக எடுத்த இடத்தின் வாடகை, தற்காலிகக் கொட்டகை, மின்சாரம், இரவுக் காவல் எல்லாம் அந்தப் பொம்மையின் மேல்தான் ஏறுகின்றன. தேரன்று பேரம் பேசிப் பயனில்லை, கேட்க ஆயிரம் பேர் நிற்பார்கள். திருவிழா முடிவில் வரும் பூங்காவனத்தன்று இரவு போய்ப் பாருங்கள். மீதிச் சரக்கை லொறியில் ஏற்றுவதை விட உங்களிடம் கொடுப்பது அவர்களுக்கு இலாபம்.