லண்டனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்? விமானத்தில் போனால் எவ்வளவு நேரம் ஆகும்?

நேர்கோட்டில் அளந்தால் இரு நகரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 344 கிலோமீட்டர். விமானம் வானில் இருப்பது சுமார் 50 நிமிடம்தான் என்றாலும், பயணச்சீட்டில் ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி வரை போட்டிருப்பார்கள். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் முழுதாக நிற்கும் நேரம் வரையிலான கணக்கு அது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இருப்பவை இரண்டே ஓடுபாதைகள். நெரிசல் நேரத்தில் பாரிசிலிருந்து வரும் விமானம் லண்டனை நெருங்கிய பிறகும், இறங்க முறை வரும்வரை வானிலேயே வட்டமடித்துக் காத்திருக்க நேரிடும். பாரிசின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் நான்கு ஓடுபாதைகள் உண்டு. ஆனால் நிலையம் மிகப் பெரியது என்பதால், தரையிறங்கிய பின்னும் விமானம் நெடுநேரம் ஊர்ந்துகொண்டே இருப்பதைச் சன்னலோர இருக்கையில் இருந்தவர்கள் அறிவார்கள்.

பயணச்சீட்டைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பாரிஸ் நேரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. அச்சிடப்படுவதோ அந்தந்த ஊரின் நேரம். ஆகவே காலை 10:00 மணிக்குப் பாரிசில் கிளம்பும் விமானம் 10:20-க்கே லண்டனை அடைவதாக இருக்கும். லண்டனிலிருந்து பாரிசுக்குப் போகும்போது அதே தூரத்துக்கு இரண்டே கால் மணி நேரத்துக்குமேல் ஆவதுபோல் தோன்றும்.

ஆனால் நீங்கள் போக விரும்புவது நகரத்திலிருந்து நகரத்துக்குத்தானே தவிர, நிலையத்திலிருந்து நிலையத்துக்கு அல்ல. ஹீத்ரோவுக்குப் போய்ச் சேரும் நேரம், அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்க் காத்திருப்பது, பாரிசில் குடிவரவு வரிசை, அதன்பின் நகருக்குள் செல்ல ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் அரை மணி நேரம் என்று எல்லாவற்றையும் கூட்டினால், வாசலிலிருந்து வாசலுக்கு ஐந்து மணி நேரத்தில் போய்விட்டாலே நல்ல நாள் என்பேன். மலிவு விலை விமானம் என்றால் அது இறங்கும் இடத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போவே நிலையம் பாரிசிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

என்னைக் கேட்டால் யூரோஸ்டார் ரயிலே சரி. 1994-இல் திறக்கப்பட்ட, ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் செல்லும் சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் வழியாக அது இரண்டே கால் மணி நேரத்தைச் சற்றே தாண்டிய பொழுதில் பாரிசை அடைந்துவிடுகிறது. (1919 ஆகஸ்டில் இந்த இரு நகரங்களுக்கிடையே தொடங்கிய முதல் அன்றாட விமானமும் ஏறக்குறைய இதே நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது.) இரு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனைகளும் ஏறும் நிலையத்திலேயே முடிந்துவிடும் என்பதால், பாரிசின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் நேரே வெளியே நடக்கலாம். லா சப்பலின் தமிழ்க் கடைகளுக்குப் போகிறவர்களுக்கு அங்கிருந்து சில நிமிட நடைதான்.

பாரிசில் வேறு விமானத்துக்கு மாறுவதானால் மட்டும் விமானத்தையே தேர்ந்தெடுங்கள். எதில் போனாலும் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பிரிட்டன் விசா வேறு, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேறு. பாரிசில் தங்கியிருந்து லண்டனைப் பார்த்துவிட்டு மீண்டும் பாரிசுக்கே திரும்புவதாக இருந்தால், பலமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.