ஜெட்டில் கை வைக்கும் முன்

கேள்வி: 1960களில் தயாரான பெட்ரோல் டிரக் ஒன்றைச் சீர்செய்து ஓட்டி வருகிறேன். லிட்டருக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் தருவதில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்றினால் மைலேஜ் கூடும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பெட்ரோல் கூடுதலாகச் செலவானால் எல்லோரும் கார்புரேட்டரின் மேல்தான் பழி போடுகிறார்கள். இத்தனை வயதான வண்டியில் நான் முதலில் கழற்றுவது, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை.

ஆக்சிலரேட்டரைப் பாதி அளவுகூட மிதிக்காமல் சீராக ஓடும்போது சிலிண்டருக்குள் செல்லும் கலவை அடர்த்தி குறைந்ததாக இருப்பதால் மெதுவாகவே எரிகிறது. ஆகவே தீப்பொறி இன்னும் முன்னதாக விழ வேண்டும். அதைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் வேக்குவம் அட்வான்ஸ். அதனுள் இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்துவிட்டால் வண்டி நிற்காது, சத்தமும் மாறாது, பெட்ரோல் மட்டும் வீணாகும். சோதிப்பது எளிது: எஞ்சினை நிறுத்தி, வேக்குவம் அட்வான்ஸுக்குச் செல்லும் குழாயைக் கார்புரேட்டர் பக்கத்தில் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) பொருத்திய தட்டு சற்றே திரும்பி, குழாயின் நுனியை நாக்கால் அடைத்திருக்கும் வரை அப்படியே நிற்க வேண்டும். திரும்பாவிட்டாலோ, உடனே பழைய இடத்துக்கு வந்துவிட்டாலோ குறை அங்கேதான்.

அடுத்து பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் கேமில் உரசும் அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து, தீப்பொறி விழும் நேரமான டைமிங்கும் தானாகப் பின்தங்கிவிடும். எனவே முதலில் இடைவெளியைச் சரிசெய்து, பிறகே, வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டை வைத்துப் பாருங்கள். வரிசையை மாற்றினால், பிறகு இடைவெளியைச் சரிசெய்யும்போது முன்பே வைத்த டைமிங் கெட்டுவிடும். டைமிங்கை அளவுக்கு மீறி முன்னுக்குத் தள்ளவும் கூடாது. மேட்டில் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டுவது போன்ற சத்தம்) கேட்டால் 2 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

இவை முடிந்த பின் கொஞ்ச தூரம் சீரான வேகத்தில் ஓட்டி, எஞ்சினை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றுங்கள். கரி படிந்து கறுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம்: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் முழுதாகத் திறக்கிறதா, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவையின் மட்டம் சரியா என்று பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் ஜெட்டைத் தொடவே தேவையில்லை. வெளுத்திருந்தால் ஏற்கெனவே பெட்ரோல் போதவில்லை. அந்த நிலையில் ஜெட்டைச் சிறிதாக்குவது வால்வுகளைக் கருக்கும் வேலை.

கேள்வி: எஞ்சின் சூடேறாமல் இருக்க, ரேடியேட்டருக்குச் செல்லும் நீரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டேன். அதற்கும் மைலேஜுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து எண்ணெயோடு கலக்கிறது. தானியங்கிச் சோக்கு உள்ள வண்டியாக இருந்தால் அதுவும் திறக்கத் தாமதமாகும். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்துங்கள். அதன் பிறகும் சூடேறினால் ரேடியேட்டரில்தான் அடைப்பைத் தேட வேண்டும்.