42 இலட்சம் கொடுத்து அவுஸ்திரேலிய ஸ்பொன்சர் விசா எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது, வட்டக்கச்சி. மோட்டார் மெக்கானிக், என்.வி.கியூ. 4 இருக்கிறது, கிளிநொச்சியில் ஒரு கராஜில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். மனைவி, மூன்று வயது மகள். மெல்பேணில் ஒரு கராஜ் என்னை ஸ்பொன்சர் பண்ணும், இரண்டு வருடத்தில் பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) நிச்சயம், மொத்தம் 42 இலட்சம் என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. கோப்புத் திறக்க 1 இலட்சமும் பாஸ்போட்டும் கொடுத்துவிட்டேன். அப்பாவின் பெர்மிட் வயல் 2 ஏக்கரை ஒருவருக்கு எழுதிக் கொடுத்து 12 இலட்சம், மனைவியின் நகையை அடகு வைத்து 5 இலட்சம், மிச்சம் 24 இலட்சம் மாதம் மூன்று வீத வட்டிக்கு. செய்யலாமா?

பதில்: தம்பி, அந்த ஏஜென்சிக்கு இனி ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். ஆனால் அவுஸ்திரேலியா போகும் எண்ணத்தைக் கைவிடச் சொல்லவில்லை. உங்கள் வயதுக்கும் தொழிலுக்கும் அந்த வழி உண்மையாகவே இருக்கிறது, அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விசாவைப் பார்ப்போம். 2024 டிசம்பர் 7 முதல் முதலாளி ஸ்பொன்சர் பண்ணும் தற்காலிக வேலை விசாவான பழைய 482க்குப் பதிலாக 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்ற விசா வந்திருக்கிறது, இலக்கம் அதே 482தான். மோட்டார் மெக்கானிக் அதன் தொழில் பட்டியலில் இருக்கிறது. ஒரு வருட வேலை அனுபவம் போதும், உங்களிடம் ஆறு இருக்கிறது. இதில் மூன்று படி: கராஜ் முதலில் ஸ்பொன்சராக அங்கீகாரம் எடுக்க வேண்டும், பிறகு இந்த வேலைக்கு உங்களை எடுக்கிறோம் என்று நொமினேஷன் போட வேண்டும், அதன் பிறகுதான் உங்கள் விசா விண்ணப்பம். முதல் இரண்டு படியின் செலவும் முதலாளியுடையது. ஸ்பொன்சர் கட்டணம் 420 அவுஸ்திரேலிய டொலர், நொமினேஷன் 330, அதோடு பயிற்சி நிதி என்று ஒரு வரி, சிறிய தொழிலகத்துக்கு வருடம் 1,200. நான்கு வருடத்துக்குப் போட்டால் எல்லாம் சேர்த்து 5,550 டொலர். டொலரை 200 ரூபாவாக வைத்தால் 11 இலட்சம். இதை உங்கள் தலையில் கட்ட அந்த நாட்டுச் சட்டம் விடாது.

அப்போ உங்கள் பக்கத்துச் செலவு எவ்வளவு? விசாக் கட்டணம் உங்களுக்கு 3,200 டொலர் அளவு, அதாவது ஆறரை இலட்சத்துக்குக் கிட்ட. அதற்கு மேல் ஆங்கிலப் பரீட்சை, மருத்துவம், பொலிஸ் சான்றிதழ், மருத்துவக் காப்புறுதி (482 விசாவில் போகும் நம் ஆட்களுக்கு மெடிகெயார் என்ற அந்நாட்டு அரச மருத்துவ வசதி கிடையாது), விமான ரிக்கெற், போய் இறங்கியதும் கையில் கொஞ்சம். நீங்கள் தனியே முதலில் போவதென்றால் 12 முதல் 15 இலட்சத்துக்குள் முடிக்கலாம். மனைவியையும் மகளையும் பிறகு கூப்பிடலாம், மனைவிக்கு அங்கே வேலை செய்யவும் உரிமை உண்டு. ஆக, கேட்கப்படும் 42 இலட்சத்தில் பாதிக்கு மேல் எதற்கு?

அது ஸ்பொன்சர்ஷிப்பின் விலை. ஸ்பொன்சர்ஷிப்பை விலைக்கு வாங்குவதும் விற்பதும் அவுஸ்திரேலியாவில் 2015 டிசம்பர் முதல் சட்டவிரோதம். காசு வாங்குபவருக்கு மட்டுமல்ல, காசு கொடுப்பவருக்கும் தண்டம் உண்டு, விசாவையே ரத்துச் செய்யலாம். உங்கள் காணியை எழுதிக் கொடுத்து வரும் காசே பின்னாளில் உங்கள் பி.ஆருக்கு எதிராக நிற்கக்கூடும் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் ஒரு கணக்குப் போட்டிருப்பீர்கள், நானும் போட்டுப் பார்த்தேன். 482இல் முதலாளி தர வேண்டிய ஆகக் குறைந்த சம்பளம் 2025 யூலை முதல் வருடத்துக்கு 76,515 டொலர், ஒவ்வொரு யூலையும் இது கூடும். வரி போக மாதம் ஏறக்குறைய 5,000 டொலர் கைக்கு வரும். தனியே, ஒரு அறையைப் பங்கிட்டு, சமைத்துச் சாப்பிட்டால் பாதியாவது மிஞ்சும், கடனை ஒன்றரை வருடத்துக்குள் அடைத்துவிடலாம் போலத்தான் தெரிகிறது. கணக்கில் பிழை இல்லை, அந்தச் சம்பளம் உண்மையாக வந்தால். ஆனால் மெக்கானிக் கிடைக்காமல் தவிக்கும் கராஜ் ஏன் உங்களிடம் காசு கேட்கப் போகிறது? காசு வாங்கி ஆள் எடுக்கும் இடங்களில் இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, வேலையே இல்லை. மற்றது, சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு, அதில் ஒரு பங்கை மாதாமாதம் கையில் திருப்பிக் கேட்பது. பி.ஆர். அவர்கள் கையில் இருப்பதால் வாய் திறக்கவும் பயம்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் போன வருடம் என்னிடம் வந்தது. மகள் இங்கிலாந்துக்குக் கெயர் (முதியோர், நோயாளர் பராமரிப்பு) விசாவில் போனவர், 30 இலட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறார்கள். போன இடத்தில் வாரத்துக்குப் பத்து மணித்தியால வேலைகூட இல்லை. 2025 யூலை 22 முதல் வெளிநாட்டில் இருந்து புதிதாகக் கெயர் வேலையாட்களை எடுப்பதையே இங்கிலாந்து நிறுத்திவிட்டது, மற்ற வேலைகளுக்கும் சம்பள எல்லையை 41,700 பவுண்சாக உயர்த்திவிட்டது. அந்தத் தாய் என் முன்னால் இருந்து வட்டிக் கொப்பியை விரித்துக் காட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சட்டம் பாதிவழியில் மாறும், வட்டி மாறாது.

உங்கள் 24 இலட்சத்துக்கு மூன்று வீதம் என்றால் மாதம் 72,000. விசா வர ஆறு மாதம் என்று வைத்தால், விமானம் ஏற முன்னமே 4 இலட்சத்து 32 ஆயிரம் வட்டியாகப் போய்விடும், வாங்கிய முதல் காசில் ஒரு சதமும் குறையாது. 'இரண்டு வருடத்தில் பி.ஆர்.' என்பதும் அவர்கள் சொல்வது போல் இல்லை. பி.ஆர். தரும் 186 விசாவுக்கு விண்ணப்பிக்கும் தகுதிதான் இரண்டு வருட முழுநேர வேலைக்குப் பிறகு வருகிறது. அப்போது முதலாளி மறுபடி உங்களை நொமினேட் பண்ண வேண்டும், திரும்பவும் அவர் காசு கட்ட வேண்டும், நீங்கள் 45 வயதுக்குள் இருக்க வேண்டும், ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் ஒவ்வொரு பகுதியிலும் 6 எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு முடிவு வரும் வரை காத்திருப்பு. ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது: வேலை போனால் இன்னொரு ஸ்பொன்சரைத் தேட 180 நாள் தருகிறார்கள், வேறு அங்கீகாரம் பெற்ற ஸ்பொன்சரிடம் செய்த காலமும் அந்த இரண்டு வருடத்தில் சேரும். கடன் இல்லாதவனுக்கு 180 நாள் பெரிய காலம்தான். மாதம் 72,000 கட்டுபவன் கிடைத்த எதற்கும் தலையாட்டுவான்.

வயல் விஷயம். பெர்மிட் காணி உறுதிக் காணி அல்ல. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது, பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் தனியாருக்கு விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் சட்டத்தில் நிற்காது, ஆனால் வாங்கியவர் வயலில் இறங்கிவிடுவார், பிறகு அப்பா காலபோகம் விதைக்க அவரிடம் கேட்டு நிற்க வேண்டிவரும். இரணைமடுத் தண்ணி பாயும் இரண்டு ஏக்கரை இதற்குள் கொண்டுவராதீர்கள். அது உங்கள் அம்மா அப்பாவின் சாப்பாடு.

சரி, என்ன செய்யலாம்? காசைப் போட வேண்டிய முதல் இடம் ஆங்கிலம். 482க்கு ஒவ்வொரு பகுதியிலும் 5 போதும், ஆனால் இப்போதே 6ஐக் குறிவைத்துப் படியுங்கள், பின்னுக்கு பி.ஆருக்கும் அதுதான் வேண்டும். ஆறு வருட வேலைக்குக் கராஜ் முதலாளியிடம் கடிதமும், சம்பளம் வங்கியில் போன ஆதாரமும் சேர்த்து வையுங்கள். கையில் சம்பளம் வாங்குபவராக இருந்தால் இந்த மாதத்திலிருந்தே வங்கிக்கு மாற்றிக் கேளுங்கள். மெல்பேணை மட்டும் பார்க்காமல் சிறு நகரங்களிலும் தேடுங்கள், 494 என்ற பிராந்திய விசாவில் மூன்று வருடத்துக்குப் பிறகு 191 மூலம் நிரந்தர வதிவிடம் எடுக்கலாம். நேர்முகம் கராஜ்காரரோடு வீடியோவில் நேரடியாக நடக்க வேண்டும், அவருடைய ஏ.பி.என். என்ற தொழில் பதிவு இலக்கத்தை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விசா வேலை செய்பவர் ஓமாரா என்ற அவுஸ்திரேலிய விசா முகவர் பதிவேட்டில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். உண்மையான நொமினேஷன் வந்தால் அப்போது நகையில் ஒரு பகுதியை வங்கியில் அடகு வைக்கலாம், மிச்சத்தை ஒரு வருடம் சேமிக்கலாம். அதுவரை தனியார் வட்டி வேண்டாம்.

கொடுத்த 1 இலட்சத்துக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1989க்கு அடித்து, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, இந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே முறைப்பாடு கொடுக்கலாம். அந்தக் காசு திரும்ப நாளாகலாம், பாஸ்போட்டை மட்டும் இந்தக் கிழமையே போய் வாங்கிவிடுங்கள், மனைவியையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள்.