சிங்கப்பூரின் தொல்லியலையும் இயற்கையையும் ஒரே இடத்தில் காட்டும் அரும்பொருளகம் உண்டா? ஊரிலிருந்து பிள்ளைகளோடு வருகிறோம்.

ஒரே இடத்தில் என்றால் இப்போது இல்லை. முன்பு இருந்தது. 1887ல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் திறந்த ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் பானை ஓடு, பாடம் செய்த விலங்கு, திமிங்கில எலும்புக்கூடு எல்லாம் ஒரு கூரையின் கீழ்தான் கிடந்தன. 1970களின் தொடக்கத்தில் பாகப்பிரிவினை ஆனது. கட்டடமும் வரலாறும் இன்றைய தேசிய அரும்பொருளகத்துக்கு; விலங்குகளும் பறவைகளும் பல்கலைக்கழகத்துக்கு. அந்தத் திமிங்கிலத்தை 1974ல் மலேசியாவுக்கே கொடுத்துவிட்டார்கள். மிச்சமும் வைக்க இடமில்லாமல் இடம் மாறிக்கொண்டே இருந்து, 2015ல்தான் கெண்ட் ரிட்ஜில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகமாக நிலைபெற்றது.

பிள்ளைகள் வருவதால் முதலில் அங்கே போங்கள். எல்லாரும் டைனோசர் என்றுதான் சொல்வார்கள். மூன்று எலும்புக்கூடுகள் இருக்கின்றன, பிரம்மாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவை அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டியவை. இந்த வட்டாரத்தைப் பார்க்க வந்தவர் நேரே 'ஜூபி லீ'யிடம் போக வேண்டும். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே செத்து மிதந்த பெண் விந்துத்திமிங்கிலம் அது, நீளம் 10.6 மீட்டர். சிங்கப்பூர்க் கடலில் இந்த இனம் பதிவானது அதுவே முதல்முறை. கப்பல் மோதி முதுகில் அடிபட்டிருக்கலாம் என்கிறார்கள். அதன் வயிற்றில் கணவாய் அலகுகளோடு பிளாஸ்டிக் குப்பையும் இருந்தது. அதில் குடிக்கிற கோப்பையும் உணவு உறையும் உண்டு, நாம் சாப்பாட்டுக் கடையில் தினமும் தூக்கிப் போடுகிற அதே சரக்கு. எலும்புக்கூட்டை ஆழத்துக்குப் பாய்கிற மாதிரி தொங்கவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள். பழைய ராஃபிள்ஸ் காலத்துச் சேகரிப்புக்கென்று மாடியில் தனிப் பகுதி உண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள். இந்த இடம் இலவசம் இல்லை, சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

அப்புறம் தொல்லியல். தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் எனக்கு முக்கியம் சிங்கப்பூர்க் கல்தான். ஆற்று முகத்துவாரத்தில் ஏறத்தாழ 50 வரி எழுத்தோடு நின்ற பாறையை 1843ல் பிரிட்டிஷ்காரர்கள் இடத்துக்காக வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சியவை சில துண்டுகள். அதில் ஒன்றுதான் இங்கே இருப்பது. இன்றுவரை யாரும் முழுதாகப் படித்ததில்லை. 2019ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அதில் 'கேசரிவ' என்று படிக்கலாம், பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றார். உடனே நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் ராஜேந்திரன் கல்வெட்டு என்றே முடிவுகட்டிவிட்டார்கள். இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அது இன்னும் ஊகம் மட்டுமே.

1928ல் கேனிங் கோட்டைக் குன்றில் நீர்த்தேக்க வேலையின்போது கிடைத்த தங்கக் காப்பும் இந்தச் சேகரிப்பில் உண்டு. காலன் முகம் செதுக்கிய 14ஆம் நூற்றாண்டு ஜாவா பாணி நகை. பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வருவதற்கு முன் இங்கே வெறும் மீன்பிடிக் கிராமம்தான் இருந்தது என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

கட்டடத்தில் மராமத்து வேலை நடப்பதால் சில கூடங்கள் மூடியிருக்கலாம், அன்றைக்கு எது திறந்திருக்கிறது என்று இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூடியிருந்தாலும் பரவாயில்லை, பின்னாலேயே கேனிங் கோட்டைக் குன்று. 1984ல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அகழாய்வு தொடங்கிய இடத்தைக் கூரை போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. மதிய வெயிலில் மட்டும் ஏறாதீர்கள்.